இருபத்து மூன்று பேருக்கு ஓர் ‘ஆனால்’

ஆய்வு நெறியாளர் டாக்டர் ஒகுரூட் சிவப்புப் பேனா வைத்துக்கொள்வதில்லை. மாணவர்களைப் பயமுறுத்தும் என்பார். பென்சிலால்தான் திருத்துவார், அதுவும் அழித்தால் தடம் தெரியாதபடி மெல்ல. அன்று ஸ்கோவியாவின் ஆய்வேட்டில் முப்பத்தோராம் பக்கத்தில், ஒரே ஒரு சொல்லைச் சுற்றி அவர் போட்ட வட்டம் மட்டும் தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியிருந்தது.

“இத எடுத்துடு,” என்றார்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. வட்டத்துக்குள் கிடந்த சொல்லுக்கு நம் பேச்சில் ‘ஆனால்’ என்று பொருள். பேராசிரியர் செங்கேண்டோவும் அவருடைய குழுவினரும் ஏரித் தீவுகளில் ஐந்தாண்டுகள் ஆய்வு செய்து, பிரசவத்தில் தாய்மார் இறப்பது பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கண்டறிந்தார்கள் என்பது அதற்கு முந்தைய வாக்கியம். அடுத்தது ஸ்கோவியா எழுதியது. ‘ஆனால், தீவிலிருந்து கரைக்குப் போகும் வழியில் படகிலேயே இறந்த பெண்கள் அந்த ஆய்வில் எண்ணப்படவில்லை.’

“எத சார்? வாக்கியத்தையா?”

“வாக்கியம் இருக்கட்டும். அந்த ‘ஆனால்’ வேண்டாம்.”

“ஒரு சொல்லுதானே சார்.”

“ஒரு சொல்லுங்கறதாலதான் சொல்றேன்.” அவர் நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டார். “முன்னாடி இருந்தவங்க என்ன பண்ணாங்கன்னு சொல்லி முடிச்சுட்டு, என்ன பண்ணாம விட்டாங்கன்னு சொல்ற எடம் இது. ஆய்வேட்டுலயே ரொம்ப வழுக்கற எடம் இதுதான். ‘ஆனால்’னு ஆரம்பிச்சா அவர் கோட்டை விட்டுட்டார்னு அர்த்தம். ‘எனினும்’னு போட்டா, கோட்டைதான் விட்டார், நான் கை கட்டிகிட்டு சொல்றேன்னு அர்த்தம். ‘இதுவரை’ன்னு போட்டா பழி காலத்து மேல போகும், ஆளு தப்பிச்சுக்குவார். ‘மேலும்’னு போடு. அவர் பண்ணினதெல்லாம் சரி, நீ ஓரமா கொஞ்சம் சேத்துக்கறன்னு ஆயிடும். யாருக்கும் வலிக்காது.”

“அவர் எண்ணலையே சார். அதுதானே நடந்தது.”

“இல்லன்னு நான் சொல்லலம்மா. உன் வைவால நடு நாற்காலில யாரு உக்காரப் போறாங்கன்னு மட்டும் நெனச்சுப் பாரு.”

அவளுக்குத் தெரியும். வாய்மொழித் தேர்வுக் குழுவின் தலைவரே செங்கேண்டோதான்.

அவள் எழுந்தபோது ஒகுரூட் சிரித்தார். அவர் கிழக்கே டெசோ பக்கத்து ஆள். கண்டா இனத்துப் பெண்கள் பெரியவர்களைப் பார்த்ததும் மண்டியிட்டு வணங்குவதை இத்தனை வருஷமாகியும் கூச்சத்தோடுதான் வாங்கிக்கொள்வார். “கதவுகிட்ட மண்டி போட்டு வணக்கம் சொல்ற. எழுத்துல மட்டும் இடுப்புல கை வெச்சுகிட்டு நிக்கறியே,” என்றார். ஸ்கோவியாவுக்கும் சிரிப்பு வந்தது.

அவரைப் பற்றி கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கட்டுரையில், பெரிய இடத்து ஆள் ஒருவரின் முடிவைச் சொல்லிவிட்டு ‘மாறாக’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாராம். கூடப் படித்தவர்கள் பேராசிரியர்களாகிவிட்டார்கள். அவர் இன்னும் விரிவுரையாளர்.

ஸ்கோவியா நல்வோகா ஆய்வு மாணவியாகக் கம்பாலாவுக்கு வருமுன் புசாங்கா தீவின் சுகாதார நிலையத்தில் ஏழு ஆண்டுகள் பிரசவம் பார்த்தவள். தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு சோலார் விளக்கு. அறுவை செய்ய ஆளும் கிடையாது, ஏற்ற ரத்தமும் கிடையாது. சிக்கல் என்றால் மீன்படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்ப வேண்டும். காற்று ஒத்துழைத்தால் மூன்று மணி நேரம். இல்லாவிட்டால் ஏரி விட்ட வழி.

நாச்சோபே அப்படித்தான் போனாள். மூன்றாவது பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை. ஸ்கோவியா பதிவேட்டில் எழுதிவிட்டு அவளோடு படகேறினாள். நாச்சோபேயின் கணவன் வாஸ்வாவே எஞ்சினைப் பிடித்தான். பகல் பதினோரு மணி. பாதி ஏரியில் காற்று எழுந்து படகைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஸ்கோவியா ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை அடிவயிற்றின் மேலும் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். தோள் மரத்துப்போயிற்று. ரத்தம் படகின் அடியில் தேங்கி, பொடிமீன்களின் செதிலோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடியது. கரையின் மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது நாச்சோபே தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள். மரங்கள் பெரிதாவதற்குள் போய்விட்டாள்.

கரையிலிருந்த ஆஸ்பத்திரியில் எழுத்தர் கையை விரித்தார். “உயிரோட வந்தவங்களத்தான் வார்டு நோட்டுல ஏத்துவோம் சிஸ்டர். இவங்க வார்டுக்கே வரலையே.”

தீவுக்குத் திரும்பிப் பதிவேட்டைப் புரட்டினாள். காலையில் அவள் கையாலேயே எழுதியது அங்கே இருந்தது. ‘உயிருடன் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்.’ இரண்டு நோட்டிலும் நாச்சோபே சாகவில்லை.

அந்தப் பதிவேட்டின் முந்தைய பக்கங்களையும் அன்று அவள் வாசித்தாள். அனுப்பப்பட்டார், அனுப்பப்பட்டார் என்று வரிசையாக இருந்தது. போனவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. படிக்க வந்தது அதற்காகத்தான்.

மூன்று தீவுகளின் படகுத்துறைகளில் ஏறி இறங்கி, படகோட்டிகளையும் கணவன்மார்களையும் குழி வெட்டியவர்களையும் கேட்டு, நான்கு வருஷத்தில் படகில் இறந்தவர்கள் இருபத்து மூன்று பேர் என்று கண்டாள். அவளைத் தீவு தீவாகக் கூட்டிப் போனது வாஸ்வா. கூலி வாங்கவில்லை.

“ஏரி எல்லாரு பேரையும் ஏற்கனவே எழுதி வெச்சிருக்கு சிஸ்டர். நீங்க உக்காந்து காப்பி எடுக்கறீங்க, அவ்வளவுதான்,” என்பான். ஒருநாள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டான். “எழுதினா என்ன ஆகும்?”

“மேல இருக்கறவங்க படிப்பாங்க. நோயாளிங்களுக்குன்னே வேகமான படகு ஒண்ணு தருவாங்க.”

“அப்ப எங்க வீட்டுக்காரிய முதல்ல எழுதுங்க.”

“பேரு எழுதக் கூடாது வாஸ்வா. நம்பர்தான். செத்த தேதி வரிசைல அவ பதினேழு.”

“பதினேழு,” என்று சொல்லிப் பார்த்துவிட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தான்.

ஒகுரூட் வட்டம் போட்ட பிறகு ஸ்கோவியா மூன்று நாள் அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டினாள். ‘எனினும்’ என்று தொடங்கினாள். வாக்கியம் மரியாதையாக நின்றது, ஆனால் செங்கேண்டோ அதைப் படிக்கும்போது புருவத்தை உயர்த்துவதும் கண்ணில் தெரிந்தது. ‘அதே வேளையில்’ என்று போட்டாள். இரண்டு காரியமும் இரண்டு ஊரில் நடப்பதுபோல் ஆனது. ‘இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்றாள். அது பொய். ஆராய்ந்தார்கள், எண்ணாமல் விட்டார்கள். ‘இருந்தபோதிலும்’ என்று ஒரு காலை முழுதும் வைத்திருந்து பார்த்தாள்.

உதவித்தொகை அடுத்த மாதத்தோடு நிற்கிறது. மகள் அக்கா வீட்டில் வளர்கிறாள், அம்மா எப்போது வருவாள் என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள். வைவா ஒரு முறை தள்ளிப்போனால் ஒரு வருஷம் போய்விடும். பட்டம் கையில் வந்தால் சொல்லுக்கு ஒரு எடை கிடைக்கும், அப்புறம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு நியாயம் வந்து உட்கார்ந்தது. அது வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காத ஜாதி.

சனிக்கிழமை காலை ‘மேலும்’ என்று தட்டச்சு செய்தாள்.

செய்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொல் தனியாக வரவில்லை. ‘மேலும்’ என்று தொடங்கிவிட்டு ‘எண்ணப்படவில்லை’ என்று முடிக்க முடியாது. ‘மேலும், பயணத்தின்போது நிகழும் இறப்புகளையும் சேர்த்துப் பார்ப்பது பயனளிக்கும்’ என்று மாற்றினாள். அப்படி மாற்றியதும் நான்காம் அத்தியாயத்தில் ‘இதற்கு முரணாக’ என்று இருந்தது பொருந்தாமல் போயிற்று. அதையும் எடுத்தாள். இருபத்து மூன்று பேரின் அட்டவணை நடுவில் நின்று உறுத்தியது, அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளினாள். பகல் சாய்வதற்குள் பதினான்கு இடங்களில் கை வைத்திருந்தாள். எங்கேயும் ஒரு பொய்கூட எழுதவில்லை. கடைக்குப் போய், முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தரும் ரோலெக்ஸ் ஒன்று வாங்கி, பிரித்து முட்டையை மட்டும் தின்றுவிட்டு, மீதியை அப்படியே வைத்துவிட்டாள்.

வைவாவில் செங்கேண்டோ நிதானமாகப் பேசினார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். எல்லோரையும் மகனே, மகளே என்றுதான் கூப்பிடுவார். “நல்ல உழைப்பு மகளே. நாங்க கண்டதை இது உறுதிப்படுத்துது, கொஞ்சம் விரிவுபடுத்துது. பின்னிணைப்புல இருக்கற அட்டவணை பத்தி ஏதாவது சொல்லணுமா?”

ஸ்கோவியா ஒகுரூட்டைப் பார்த்தாள். அவர் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார்,” என்றாள்.

தேறிவிட்டாள். கறுப்பு அங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டாள். மகள் அந்தத் தொப்பியைத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் புசாங்கா சுகாதார நிலையத்துக்கே பொறுப்பாளராகத் திரும்பினாள். வாஸ்வா துறையில் நின்று பெட்டியை இறக்கினான். அவன் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது, படகுக்குள் நண்டு தேடிக்கொண்டிருந்தது.

மாவட்டத்திலிருந்து அந்தக் கடிதம் ஒன்பது மாதம் கழித்து வந்தது. கரையிலிருந்து தபாலைக் கொண்டுவருவது வாஸ்வாதான். உறையில் அவள் பெயரைப் பார்த்து, படகு வரப் போகிறது என்று அவனே முடிவு கட்டி, துறையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டே வந்தான். அவள் பிரிக்கும்வரை வாசலில் நின்றான்.

படித்தவள் நிமிரவில்லை.

“கொடுங்க சிஸ்டர். எனக்கும் படிக்கத் தெரியும்.”

மெதுவாக, விரலை வைத்து வாசித்தான். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் தீவுகளுக்கு நோயாளிப் படகு தேவைப்படாது. பேராசிரியர் செங்கேண்டோ குழுவினரின் ஆய்வும், அதனை உறுதிப்படுத்தும் ஸ்கோவியா நல்வோகாவின் ஆய்வும், தீவுகளில் தாய்மார் இறப்பு குறைந்திருப்பதையே காட்டுகின்றன. ஆகவே அந்தப் படகு, தேவை அதிகமுள்ள தென்கரைக்கு ஒதுக்கப்படுகிறது.

“உங்க பேரு இருக்கே,” என்றான்.

“ஆமா.”

“நீங்களே வேண்டாம்னு எழுதினீங்களா?”

“வேண்டாம்னு எழுதல. வேணும்னு அழுத்தி எழுதாம விட்டுட்டேன்.”

அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் ஆய்வேட்டை எடுத்து, முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டி, எந்தச் சொல் இருந்தது, எந்தச் சொல் வந்தது, ஏன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வாஸ்வா பொறுமையாகக் கேட்டான்.

“பதினேழு எங்க இருக்கு?”

“கடைசில. நூத்திப் பதினாலாம் பக்கம்.”

“அதுவரைக்கும் யாரு புரட்டுவா?” என்றான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “நானே ஒவ்வொரு தீவா கூட்டிட்டுப் போனேன். செத்தவங்களோட அம்மாங்கள எழுப்பிக் கேட்டீங்க. எல்லாரும் அழுதுகிட்டே சொன்னாங்க.”

அதன் பிறகு மூன்று வாரம் அவன் சுகாதார நிலையத்துப் பக்கம் வரவில்லை. தபாலை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான்.

ஸ்கோவியா மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நகல் பல்கலைக்கழகத்துக்கு. அரைப் பக்கம்தான். என் ஆய்வு அவர்கள் முடிவை உறுதிப்படுத்தவில்லை. அவர்கள் எண்ணாமல் விட்டவர்கள் இருபத்து மூன்று பேர். அவர்களைச் சேர்த்தால் இறப்பு குறையவே இல்லை. இதை ஆய்வேட்டில் தெளிவாகச் சொல்லாமல் விட்டது என் குற்றம்.

எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இணைப்புச் சொல் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

பல்கலைக்கழகம் விசாரணைக்கு அழைத்தது. நீள மேசை. ஆறு பேர். ஒருவர் ஆய்வேட்டையும் கடிதத்தையும் அருகருகே வைத்துக் கேட்டார். “ரெண்டுல ஒண்ணுதானே சரியா இருக்கணும்? எது?”

“கடிதம்.”

“அப்ப தப்பான ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் வாங்கியிருக்கீங்க.”

“ஆமா.”

“இப்படி எழுதச் சொல்லி யாராவது சொன்னாங்களா?”

ஒகுரூட் மேசையின் கோடியில் இருந்தார். ஸ்கோவியா அவர் பக்கம் பார்க்கவில்லை. அவரே வாயைத் திறப்பார் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவர் முன்னால் கிடந்த தாள்களை அடுக்கினார்.

“நான்தான் எழுதினேன்,” என்றாள்.

அப்போது செங்கேண்டோ கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை அவர் முகத்தில். வயசாளியின் களைப்புதான் இருந்தது. “மகளே, எங்க ஆய்வுல படகு இல்லங்கறது எனக்குத் தெரியும். எங்க கைல இருந்தது ரெண்டு நோட்டுதான். ரெண்டுக்கும் நடுவுல போனவங்கள எப்படிப் புடிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல. வைவால உன் அட்டவணை பத்திக் கேட்டேனே. நீ சொல்லியிருந்தா அங்கயே ஒத்துகிட்டிருப்பேன்.”



அது உண்மைதானா, இத்தனை பேர் முன்னால் சொல்வதற்கு நன்றாக இருப்பதால் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னாளில் பலமுறை யோசித்தும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், அவர் கேட்டார் என்பதும், இவள் இல்லை என்று சொன்னாள் என்பதும்தான்.

பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு நெறியாளரிடம், புதிதாக எழுதிக் கொடுக்கலாம்.

படியிறங்கும்போது ஒகுரூட் பின்னாலேயே வந்தார். கேன்டீன் வாசலில் இரண்டு டீ வாங்கி ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“நான் பேசியிருக்கணும்,” என்றார்.

“ஆமா சார்.”

“எனக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு லிஸ்ட் வருது. பன்னண்டு வருஷம் ஆச்சு.”

“தெரியும் சார்.”

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றார். அவள் டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள். விடைபெறும்போது மண்டியிடவில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பட்டம் போனதும் பொறுப்பாளர் பதவியும் போயிற்று. அந்த இடத்துக்குக் கரையிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். ஏரியைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். ஸ்கோவியா பழையபடி பிரசவம் பார்த்தாள். படகு தென்கரைக்கே போயிற்று. திட்டம் முடிவாகிவிட்டது, ஐந்து வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் கடிதத்தைப் படித்த ஒரு துணை அதிகாரி, எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு பீப்பாய் பெட்ரோல் தீவுக்கு வரும்படி செய்தார். அதைத் துறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது வாஸ்வா. அன்றுதான் மறுபடி பேசினான்.

“இத எங்க வைக்கட்டும்?”

“வெயில் படாத எடத்துல வை.”

“சமைக்கற எடத்துக்குப் பக்கத்துல வெச்சிடப் போறேன், புதுசா வந்த பொறுப்பாளரு பறந்துடுவாரு,” என்றான். மன்னித்துவிட்டான் என்று அதற்குப் பொருள் இல்லை. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஜஸ்கா என்று ஒரு பெண் வந்தாள். மீன் காயப்போடுகிறவள், பத்தொன்பது வயது, முதல் பிரசவம். இரண்டு நாள் வலியை வீட்டிலேயே தாங்கிவிட்டு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடந்தது. ஸ்கோவியாவால் அவளோடு போக முடியவில்லை, கட்டிலில் இன்னொருத்திக்குத் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. ஜஸ்காவின் அக்காவை உடன் ஏற்றினாள். பீப்பாயிலிருந்து வாஸ்வா இரண்டு கேன் நிரப்பிக்கொண்டான். முன்பெல்லாம் பெட்ரோலுக்கு வீடு வீடாகக் கேட்டு அலைவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். இந்த முறை ஐந்து நிமிடத்தில் புறப்பட்டான்.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. அவள் இங்கே பிரசவத்தை முடித்து, பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மழை வந்தது. பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரம் போயிற்று. நான்காவதும் போயிற்று.

போன் அடித்தபோது எடுக்கக் கை வரவில்லை. இரண்டாம் முறை எடுத்தாள்.

“சிஸ்டர்,” என்றான் வாஸ்வா. மூச்சு வாங்கியது. “வார்டுல இருக்கோம். அறுத்து எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு உயிரோட இருக்கு.”

“பிள்ள?”

“பிள்ள இல்ல.”

மறுமுனையில் யாரோ அழுவதும், யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவதும் கேட்டன.

“நோட்டுல ஏத்திட்டாங்களான்னு பாத்தேன்,” என்றான் வாஸ்வா. “நானே நின்னு பாத்தேன். அந்தப் பொண்ணு பேரையும் எழுதிட்டாங்க, பிள்ள செத்ததையும் எழுதிட்டாங்க.”

“சரி,” என்றாள் ஸ்கோவியா. “காத்து அடங்கினப்புறம் கெளம்பு. அவசரப்படாத.”

போனை மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை மேட்டிலேயே இருந்தாள்.